குடை வைத்திருந்த பெண்

குடோன் முதலாளி தெருக்கோடியில் குறுக்கே எழுப்பியிருந்த மதில்சுவரில், மடக்கிய குடையுடன் ஒரு பெண்ணின் ஓவியம் திடீரென முளைத்திருந்தது. முகம் காட்டாமல் ஊர் ஊராக வரைகிற பிரபல ஓவியரின் கைவண்ணம் என்று போனுக்குப் போன் செய்தி பறந்தது. ஓவிய வியாபாரி ஓடோடி வந்தார்.

"கால் தரையில பதியுது பாருங்க. வேற யாருக்கு வரும் இந்தத் துணிச்சல்?" என்று உருகினார்.

"எடுத்துட்டுப் போகாதீங்க சார். இது எங்க தெருவோட சொத்து" என்று இஸ்திரிக் கடை அக்கா கண்ணைக் கசக்கினாள்.

தெரு எதிர்க்க எதிர்க்க வியாபாரி விலையை ஏற்றினார். முதலாளி தலையாட்டிவிட்டார்.

மறுநாள் மெஷின் வந்தது. ஓவியத்தோடு சுவரை அறுத்து, கைக்குழந்தையைப் போல லாரியில் ஏற்றினார்கள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

லாரி மறைந்ததும் அதே தெருத் தையல்காரர் சுவரில் விழுந்த ஓட்டை வழியே எட்டிப் பார்த்தார். எதிரிலேயே பஸ் ஸ்டாப்.

"ஒரு கதவு வைங்கன்னு எத்தனை வருஷம் அந்த முதலாளிகிட்டக் கெஞ்சினோம்" என்றார்.

"அவ காலைத் தரை வரைக்கும் வரையச் சொன்னேனே, ஏன்னு இப்பப் புரியுதா? இல்லேன்னா மிச்சச் சுவரைத் தினமும் தாண்டிக் குதிக்கணும்" என்றாள் அக்கா.

தையல்காரர் நகத்தில் ஒட்டியிருந்த பெயிண்டைச் சுரண்டினார்.

"முதலாளி திரும்ப அடைச்சுட்டா என்னக்கா பண்றது?"

"அடைக்கட்டும் தம்பி. அடுத்த தடவை குடையை விரிச்சு வரை. சைக்கிளும் போகணும்ல."