இடது 1, வலது 1

அறிக்கையில் தீக்குச்சி என்று எழுதியிருந்தது.

அச்சகத்தின் கட்டிங் மெஷினில் இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் கத்தி இறங்கும். கத்திக்கு அடியில் கை இல்லை என்பதற்கு அதுதான் காவல். மெஷின்காரர் இடது பொத்தானில் தீக்குச்சியைச் செருகி ஏமாற்றினார், இடது கை போனது அவர் தப்பு. இதுதான் அறிக்கை. கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

மெஷினுக்கு நிரல் எழுதிய கம்பெனியில் பிழை தேடுவது என் வேலை. நான் கையெழுத்துப் போட்டால் அந்த மனிதர் கள்ளவேலை செய்தவர் என்று ஆகிவிடும். கையோடு போன வேலை அவருக்குத் திரும்பாது. இதே நிரல் இன்னும் நாற்பது அச்சகங்களில் ஓடிக்கொண்டிருக்கும்.

"போட்டுட்டுக் கெளம்பும்மா. அந்த ஆளு குச்சிய சொருகிட்டு நம்ம தலைல கட்டுறான்," என்றார் எங்கள் மேலாளர். அந்த ஆளை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

"குச்சி எங்க சார்?"

"என்னது?"

"சொருகின குச்சி. யாராச்சும் எடுத்து வச்சாங்களா?"

"வக்கீலாட்டம் பேசாத," என்று கைப்பேசிக்குத் திரும்பிவிட்டார்.

விபத்து நடந்த அதே மெஷினின் கத்தியைக் கழற்றி வைத்தேன். இனி அதைத் தாங்கும் வெறும் இரும்புச் சட்டம்தான் ஏறி இறங்கும். மடிக்கணினியைக் கேபிளால் மெஷினோடு இணைத்து டீபக்கரைத் திறந்தேன்.

படம் கிடம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரை. ஓர் எழுத்தைத் தட்டினால் ஒரு வரி பதில். ஓடுகிற நிரலை வழியில் மறித்து, மடியில் என்ன வைத்திருக்கிறாய் என்று அவிழ்த்துப் பார்க்கிற கருவி.

முதலில் நானே அழுத்தினேன். இரண்டு பொத்தானும். சட்டம் இறங்கியது. பிறகு வலது மட்டும். நிரலை வரி வரியாக நிறுத்தி நகர்த்தினேன். இடது 0, வலது 1. இறங்கவில்லை. பத்து தடவை செய்தேன். பத்து தடவையும் இறங்கவில்லை.

"பச்சப்புள்ள மாதிரி இருக்கு. இதப் போய்ச் சந்தேகப்படுறியே," என்று மேலாளர் சிரித்தார்.

பதினோராவது தடவையும் அழுத்திப் பார்த்தேன். இறங்கவில்லை.

என் அம்மா சித்தாள் வேலைக்குப் போனவள். மேஸ்திரி பக்கத்தில் நின்றால் எல்லாரும் ஒழுங்காகத்தான் சட்டி தூக்குவார்கள் என்பாள். நிரலும் அப்படித்தான். வரிக்கு வரி நிறுத்தி முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் யோக்கியமாக இருக்கும்.

ஆனால் அச்சகத்தில் யார் நிறுத்தி நிதானமாக அழுத்துகிறார்கள்? வலது கை பொத்தானிலேயே கிடக்கும். இடது கை தாளைத் தட்டி நேராக்கிக்கொண்டிருக்கும். சட்டம் மேலே ஏறி முடிப்பதற்குள் வலது மறுபடி அமுங்கிவிடும். இடதைத் தொடாமல் எப்படி இறங்கும் என்கிற தைரியம்.

நிறுத்தாதே, ஓடவிடு, சட்டம் இறங்கும்போதெல்லாம் இரண்டு பொத்தானும் எப்படி இருந்தன என்று ஒரு வரி எழுதிவிடு. டீபக்கருக்கு அப்படிச் சொல்லிவைத்தேன்.

"எனக்கு அந்த வேகம் வராது சார். பழகின கை வேணும். வெளிய ஒருத்தர் இருக்காரு, கூப்பிடட்டுமா?"

"யார வேணா கூப்பிடு. பன்னெண்டு மணிக்கு நான் கெளம்பணும்."

வந்தவர் தாள் அடுக்குகளைச் சுற்றிக்கொண்டு மெஷினுக்கு அந்தப் பக்கம் போனார். இங்கிருந்து தலை மட்டும்தான் தெரிந்தது. மேலாளர் நிமிரவே இல்லை. நானும் கூடப் போய் நின்று, தொடங்கி வைத்துவிட்டு என் இடத்துக்குத் திரும்பினேன்.

சட்டம் தடதடவென்று இறங்கி ஏறியது. திரையில் வரிகள் விழுந்தன.

இடது 1, வலது 1.

இடது 1, வலது 1.

இடது 1, வலது 1.

மேலாளர் எழுந்து வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"பாரு. ரெண்டு பொத்தானையும் அழுத்துறான், இறங்குது. அழகா வேலை செய்யுது. இதுக்கா காலைலேர்ந்து என் உயிர வாங்குன?"

"இப்பப் பார்த்தத உங்க கையால எழுதித் தாங்க சார். அது போதும் எனக்கு."

சந்தோஷமாகவே எழுதினார். முப்பது தடவை இறங்கியது, முப்பது தடவையும் இடது பொத்தானும் வலது பொத்தானும் அழுத்தப்பட்டதாகத் திரை காட்டியது, நேரில் பார்த்தேன்.

"குச்சி கிச்சி எதுவும் இல்லன்னு ஒரு வரி சேர்த்துக்குங்க."

"இங்க ஏதும்மா குச்சி!" என்று அதையும் சேர்த்தார். தேதி, நேரம், கையெழுத்து.

காகிதத்தை வாங்கிப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

முதல் இறக்கத்துக்கு மட்டும் இடது பொத்தானை அழுத்தியது என் கை. அதற்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. சட்டம் ஏறி முடிக்கும் முன் அடுத்த அழுத்தம் வந்தால், நிரல் பழைய இடதையே நம்பிக்கொண்டிருக்கிறது. நான் திரும்பி வந்த பிறகும் அதன் ஞாபகத்தில் என் கை அங்கேயேதான் இருந்தது.

"அண்ணே, போதும். நிறுத்திட்டு இந்தப் பக்கம் வாங்க. சார் உங்களப் பார்த்ததே இல்லையாம்."

அவர் அடுக்குகளைச் சுற்றிக்கொண்டு, வலது கையைக் கால்சட்டையில் துடைத்தபடி வெளிச்சத்துக்கு வந்து நின்றார். சட்டையின் இடது கை, முழங்கைக்குச் சற்றுக் கீழே மடித்து ஊசி குத்தியிருந்தது.