மாதுளை மரம் வரைக்கும்

"கேமராவைப் பார்க்காதே தம்பி! எத்தனை தடவைதான் சொல்றது?" டைரக்டர் மிமோஸா கத்தினாள்.

பார்க்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். தெரிந்துதான் பார்த்தேன்.

தலையைச் சொறிந்துகொண்டு கதவருகே திரும்பிப் போனேன். காட்சி இவ்வளவுதான்: கதவைத் திறந்து வெளியே வந்து, முற்றத்தைக் கடந்து, மாதுளை மரத்தைத் தொட்டு நிற்க வேண்டும். என் வீடு, என் முற்றம், என் மரம்.

வாய்க்கால் தகராறில் என்னோடு படித்த பிரெங்கின் அண்ணனை அப்பா சுட்டுக் கொன்ற நாளிலிருந்து நான் இந்தக் கதவைத் தாண்டியதில்லை. அப்போது எனக்கு மீசை முளைக்கவில்லை. அப்பா ஜெயிலுக்குப் போனார். அரசாங்கம் அத்தோடு விட்டது. ஊர் விடவில்லை. பழிக்குப் பழியாக எங்கள் வீட்டு ஆண் ஒருவன் விழுந்தால்தான் ஊருக்குத் தீரும். மிச்சம் இருப்பது நான்தான். வீட்டுக்குள் இருப்பவனைத் தொடமாட்டார்கள், அது ஊர் வழக்கம்.

தலைநகர் டிரானாவிலிருந்து வந்த இந்தப் படக்காரர்கள் எங்களைப் போல அடைந்து கிடப்பவர்களைப் பற்றித்தான் படம் எடுக்கிறார்கள். கூட்டிவந்த நடிகன் ரொட்டி வாங்கக் கடைக்குப் போகிறவன் மாதிரி நடந்தானாம். மிமோஸா என்னைப் பார்த்தாள், என் சுண்ணாம்பு முகத்தைப் பார்த்தாள்.

"நீயே நடந்துடேன், பாஷ்கோ."

பாதிரியார் பிரெங்கின் பெரியப்பாவிடம் போய்க் கெஞ்சி வாக்கு வாங்கிவந்தார். முற்றத்துக் காட்சி எடுத்து முடியும் வரைக்கும் என்மேல் கை வைக்கமாட்டார்கள். கொடுத்த வாக்கை மீறினால் அந்த வீட்டில் யாரும் பெண் எடுக்கமாட்டார்கள், அதனால் பயமில்லை.

பிரெங்கே வந்து கேட்டருகே நின்றிருந்தான். ஒரு கை கோட்டுக்குள். மறு கையில் சிகரெட். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. பள்ளியில் ஒரே பெஞ்சு.

முதலில் வெளியே நிற்கும் ஆசைக்குத்தான் காட்சியைக் கெடுத்தேன். ஒரு தடவை தும்மினேன். ஒரு தடவை கோழியைப் பார்த்துச் சிரித்தேன். உச்சந்தலையில் வெயில் பட்டது. சந்தோஷமாக இருந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம்.

"கழுதை, ஒழுங்கா நடந்து தொலைச்சிட்டு உள்ள வாடா" என்று அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து பல்லைக் கடித்தாள்.

இடையில் காபி வந்தது. தட்டு ஏந்திவந்த பக்கத்து வீட்டுக் கோலா எல்லோருக்கும் நேராக நீட்டினான். பிரெங்கிடம் வந்ததும் ஒரு காலைத் தூக்கி, முழங்காலுக்கு அடியில் கையை விட்டுக் கோப்பையை நீட்டினான்.

"குடிப்பா. உங்க அண்ணனுக்கு நீ பதில் சொல்ற வரைக்கும் இப்படித்தான் கிடைக்கும்."

மதில்மேல் உட்கார்ந்திருந்த ஆண்கள் சிரித்தார்கள். ஏதோ விளையாட்டு என்று நினைத்து மிமோஸாவும் சிரித்தாள். பழி தீர்க்காதவனுக்கு எங்கள் ஊரில் காபி அப்படித்தான் வரும். பிரெங் வாங்கவில்லை. அவன் காது மட்டும் சிவந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மதில்மேல் இத்தனை பேர் எதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள்? சினிமா பார்க்கவா?

காட்சி முடியும் வரைக்கும் என்று பெரியப்பா சொன்னார். பாதிரியார் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். முடிந்தபின் நான் வீட்டுக்குள் போய்ச் சேரும் வரைக்கும் என்று கேட்டு வாங்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

காட்சி கெட்டால் கதவருகே திரும்பலாம், மறுபடி நடக்கலாம். மிமோஸா 'ஓகே' சொல்லிவிட்டால் அந்த நொடியே வாக்கு முடிந்தது. அப்போது நான் மரத்தடியில் இருப்பேன், பிரெங் கேட்டில் இருப்பான்.

மிமோஸாவிடம் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஊரே பார்க்க, பயந்தாங்கொள்ளி என்று பேர் வாங்க வேண்டும். அதற்குச் சாவே மேல் என்று தோன்றியது. முட்டாள்தனம்தான். எங்கள் ஊரில் அதைத்தான் தாய்ப்பாலோடு கொடுக்கிறார்கள்.

அதற்குப் பிறகு உயிருக்காகக் கெடுத்தேன். தடுக்கி விழுந்தேன். செருப்பைக் கழலவிட்டேன். நடுமுற்றத்தில் நின்று வழி மறந்தவன் போல விழித்தேன்.

"வெளிச்சம் போகுது. இன்னும் ஒண்ணுதான் எடுக்க முடியும். கெடுத்துடாதே, பாஷ்கோ" என்றாள் மிமோஸா.

இதையும் கெடுத்தால் இன்றைக்குத் தப்பிவிடலாம். எந்தக் கல்லில் தடுக்கி விழுவது என்றுகூட முடிவுசெய்து வைத்திருந்தேன்.

கதவைத் திறந்தேன். மலையிலிருந்து காற்று இறங்கி முகத்தில் அடித்தது. மரத்தில் ஒரு பழம் வெடித்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது அது வெறும் புள்ளி.

கல் எங்கே வந்தது, எப்போது தாண்டினேன், எதுவும் தெரியாது. என் உள்ளங்கைக்கு அடியில் மரப்பட்டை சொரசொரத்தது. அழுதுகொண்டிருந்தேன்.

மிமோஸாவின் முகம் மலர்ந்தது. மதில்மேல் இருந்தவர்கள் என்னைப் பார்க்காமல் பிரெங்கைப் பார்த்தார்கள்.

அவள் வாயைத் திறந்தாள்.

கேட்டருகே பலத்த இருமல் வெடித்தது. குடல் வெளியே வந்துவிடும் போல, வயிற்றைப் பிடித்துக் குனிந்து, பிரெங் இருமினான்.

"யாருய்யா அது!" மிமோஸா ஹெட்போனைக் கழற்றி வீசினாள். "நல்லா வந்ததைப் பாழாக்கிட்டியே!"

"மன்னிச்சிருங்க மேடம். சிகரெட் புகை தொண்டையில ஏறிடுச்சு" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டே.

மலைக்குப் பின்னால் சூரியன் போய்விட்டது. நாளைக்குத்தான் என்றாள் மிமோஸா. மதில்மேல் இருந்தவர்கள் காறித் துப்பிவிட்டு இறங்கினார்கள்.

காட்சி முடியவில்லை. வாக்கு அப்படியே இருந்தது. நான் மெதுவாக முற்றத்தைக் கடந்தேன். அம்மா என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுக்கும்போது திரும்பிப் பார்த்தேன்.

பிரெங் கையிலிருந்த சிகரெட்டைப் பெட்டிக்குள் திரும்பச் செருகிக்கொண்டிருந்தான். அதை அவன் பற்றவைத்திருக்கவே இல்லை.