கடைமடைப் பந்தயம்

பெற்ற மகளை வைத்து யாராவது பந்தயம் கட்டுவார்களா? அம்சம் கட்டினாள். அதுவும் தாலி கட்டிய புருஷனோடு.

ஆனி மாதம். கொல்லைப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடும்போது புகழேந்தி வழக்கம்போல ஆரம்பித்தார்.

"ஆடிப்பெருக்குக்குச் செம்மொழியைக் கூப்பிடலாமா? மூணு வருஷம் ஆச்சு."

செம்மொழி அவர்களுடைய ஒரே மகள். தனக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டு திருவையாற்றில் இருக்கிறாள். "இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று அனுப்பியவள் அம்சம்தான்.

"கூப்பிடலாமே," என்றாள் அம்சம், குழம்பை ஊற்றிக்கொண்டே. "ஆடிப்பெருக்குக்குள்ள நம்ம கொல்லை வாய்க்கால்ல காவேரித் தண்ணி வரட்டும். அன்னிக்கே கூப்பிடுறேன். என்ன பந்தயம்?"

வேலிக்கு அந்தப் பக்கம் கீரை பறித்துக்கொண்டிருந்த நாகம்மாள் சிரித்துவிட்டாள். "ஏண்டி, அதுக்கு வரவே வேணாம்னு சொல்லிட்டுப் போயேன்!"

அவள் சிரித்ததில் தப்பில்லை. அவர்கள் ஊர் கோடியக்கரைக் காற்று அடிக்கிற கடைமடை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் ஊர் ஊராக நனைத்துவிட்டு இங்கே வந்து எட்டிப்பார்ப்பதற்குள் ஆடி போய்விடும். சில வருஷம் ஆவணியும் போய்விடும்.

புகழேந்தி சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார்.

"பந்தயம்னா ரெண்டு பக்கமும் எதையாவது வைக்கணும். நான் தோத்தா, இனி இந்த வீட்ல அவ பேரையே எடுக்க மாட்டேன்."

"நான் சாட்சி!" என்று வேலிக்கு மேலே கையை உயர்த்தினாள் நாகம்மாள்.

அன்றோடு அம்சத்தின் நிம்மதி போயிற்று.

இவர் எடுக்காவிட்டால் அந்தப் பேரை இந்த வீட்டில் வேறு யார் எடுப்பார்கள்? அவள் வாய் திறந்து சொல்லித்தான் எத்தனையோ நாளாயிற்றே. அவர் சொல்லச் சொல்லத் திட்டுவாள். திட்டிக்கொண்டே காதில் வாங்கிக்கொள்வாள். இருந்த ஒன்றையும் வாய்க்கொழுப்பால் பந்தயத்தில் வைக்க விட்டுவிட்டோமே!

செம்மொழி தமிழ் படித்தவள். ஒரு தடவை சொன்னாள்: "பந்தயத்துக்கு அந்தக் காலத்துல என்ன பேரு தெரியுமாம்மா? ஒட்டம். ஒட்டுறதுலேருந்து வந்தது."

ஆறாவதோடு நின்ற அம்சத்துக்குச் சிரிப்பு வந்தது. "பந்தயம் கட்டுனவன் எல்லாம் வெட்டிக்கிட்டுல்ல போறான். அதுல என்னடி ஒட்டுறது?"

"முடிவு தெரியிற வரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் விட்டுட்டுப் போக முடியாதுல்ல? அதாம்மா."

அப்படிச் சொன்னவள்தான் விட்டுப் போனாள். போனாளா, விரட்டினோமா?

விடிந்ததும் குப்பை கொட்டுகிற சாக்கில் அம்சம் வாய்க்காலை எட்டிப்பார்ப்பாள். ஆடு மேய்ந்துகொண்டிருக்கும்.

டி.வி.யில் ஒருநாள் திருவையாற்றுப் படித்துறையில் தண்ணீர் புரண்டு ஓடுவதைக் காட்டினார்கள். கூட்டத்தில் பெண்களின் தலைகளாகத் தெரிந்தன. அம்சம் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். புகழேந்தி திரும்பிப் பார்த்ததும், "சேனலை மாத்துங்க. சும்மா தண்ணியவே காட்டிக்கிட்டு!" என்றாள்.

"ஜெயிச்சுடுவே போலிருக்கே அம்சம்," என்று நாகம்மாள் சொல்லும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

ஆடிப்பெருக்கும் வந்தது. நாகம்மாள் வீட்டில் மகள்கள், பேரப்பிள்ளைகள், ஒரே கூச்சல். இவள் தனியாக உட்கார்ந்து காப்பரிசிக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருந்தாள். யார் தின்னப்போகிறார்கள்?

"அம்சம்! இங்க வா! வாய்க்காலைப் பாரு!" கொல்லையிலிருந்து புகழேந்தி கூப்பிட்டார்.

வெல்லக் கையோடு ஓடினாள்.

தண்ணீர்! கணுக்கால் அளவுதான். சருகுகளைத் தள்ளிக்கொண்டு மெல்ல வந்துகொண்டிருந்தது. கரையில் புகழேந்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். முழங்கால் வரை சேறு. அவள் முகத்தைப் பார்க்காமல், "காவேரி வந்துட்டா," என்றார்.

நாகம்மாள் வேலியைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

"இது என்னடி அதிசயம்? தெருக்கோடியில வாய்க்கால் காஞ்சு கிடக்கு. உங்க வீட்டுக்கு மட்டும் மேட்டூர்ல தனி மதகு திறந்தாங்களா?"

"அது... மேல ஏதோ அடைப்பு எடுத்திருப்பாங்க..." புகழேந்திக்கு நாக்குக் குழறியது.

வாய்க்காலுக்கு அப்பால், ஹாஜா மைதீன் பாயின் தென்னந்தோப்பில் மோட்டார் ஓடுகிற சத்தம் அம்சத்துக்கும் கேட்டது. அந்த போர்வெல் தண்ணீரின் உப்பு ஊருக்கே தெரியும். தென்னைக்குத்தான் ஆகும். மாடுகூட மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

நாகம்மாளுக்கும் காது இருக்கிறதே. "வாய்ல வெச்சுப் பாருடி அம்சம். காவேரின்னா இனிக்கும். பந்தயம்னா பந்தயம்தான், அதுல கள்ளாட்டம் கூடாது. நான்தான் சாட்சி!"

புகழேந்தி தலையைக் குனிந்துகொண்டார்.

அம்சம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். இரண்டு கையாலும் அள்ளினாள். வாயில் வைத்ததுமே கரித்தது. மடக்கென்று விழுங்கினாள். இன்னொரு கை அள்ளி, அதையும் குடித்தாள்.

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"நான் தோத்துட்டேங்க. செம்மொழிக்குப் போனைப் போட்டுக் குடுங்க, நானே பேசுறேன்."

பிறகு நாகம்மாள் பக்கம் திரும்பினாள்.

"காவேரிதான்க்கா. என்னமா இனிக்குது!"