புதுசா வந்த கணக்கு சேர்

இந்தச் சனிக்கிழமையும் சுதர்ஷினி பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டபோது, அவள் கணவன் விஜிதரன் அடுத்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டான்.

மீட்டிங் என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை மீட்டிங் வைப்பதில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

மூன்று மாதமாக வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த கணக்கு ஆசிரியரை, அந்தப் புது சேரைப் பற்றித்தான் பேச்சு.

"புது சேர் இன்னைக்கு வகுப்புல ரொட்டியப் பிச்சுக் காட்டி பின்னக் கணக்கு சொல்லிக் குடுத்தாருங்க. புள்ளைங்க ஒரே சிரிப்பு."

சொல்லும்போது அவளும் சிரித்தாள். விஜிதரன் தன் தட்டிலிருந்த ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

பலகைக்கு முன்னால் கூப்பிட்டாலே அழுகிற லோஜினி, இப்போது தானாகவே எழுந்து வருகிறாளாம். வகுப்பின் பின் வாங்குகளில் உட்கார்ந்தபடியே தூங்கும் பையன்கள் எல்லாம் கை உயர்த்துகிறார்களாம். அதை அவள் சொல்கிற விதம்தான் அவனுக்குத் தாங்கவில்லை. முகம் அப்படியே மலர்ந்துவிடும்.

அந்த ஆளுக்குப் பெயர் என்ன என்று ஒருநாள் கேட்டான்.

"சேர்னுதான் கூப்பிடுறோம்" என்றவள், அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

அடுப்பில் எதுவுமே இல்லை.

ஹட்டன் டவுனில் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக் கேட் பாதி திறந்து கிடந்தது. ஆய்வுகூடக் கதவில் பூட்டு துருப்பிடித்துப் போயிருந்தது. கூரை ஒழுகும் வகுப்புகளை மூடிவிட்டு, மண்டபத்தைத் தட்டி வைத்துப் பிரித்திருந்தார்கள். வருகிற ஆசிரியர்கள் எல்லாம் இடமாற்றம் வாங்கிக்கொண்டோ, வெளிநாட்டுக்கோ போய்விடுகிற இடம் இது. சுதர்ஷினி மட்டும்தான், சித்திரப் பாடத்துக்கு வந்தவள், இங்கேயே இருக்கிறாள்.

இந்த இடத்துக்கு ஒருவன் விரும்பி வந்திருக்கிறான் என்றால், சும்மாவா வந்திருப்பான்?

பதினோராம் வகுப்பறையிலிருந்து பேச்சுக் குரல் கேட்டது.

கண்ணாடி உடைந்த ஜன்னலில் காகித மட்டை அடித்திருந்தார்கள். விஜிதரன் அதன் ஓரமாகக் கண்ணை வைத்தான்.

அறையில் அவளும் ஒரு ஆளும் மட்டும். பிள்ளைகள் யாரும் இல்லை.

உயரமானவன். மடிப்புக் கலையாத சட்டை. பலகைக்கு முன்னால் அவளுக்கு மிக அருகில் நின்றிருந்தான். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று விஜிதரன் பார்க்கவில்லை. அவள் விரல்களிலிருந்து சோக்கை அவன் வாங்குவதைப் பார்த்தான். அவன் ஏதோ எழுத, அவள் "அட!" என்று கைதட்டிச் சிரிப்பதைப் பார்த்தான்.

வீட்டில் அவள் இப்படிச் சிரித்து எவ்வளவு காலமாகிவிட்டது!

 உள்ளே போய் அவன் சட்டையைப் பிடித்துவிடுவது என்று கதவுக்கு வந்து, தள்ளுவதற்குக் கை வைத்தான்.

அப்போது உள்ளே அந்த ஆள் கேட்டான்.

"வீட்லயே கணக்கு சேர் ஒருத்தர வச்சிக்கிட்டு, எதுக்கு சுதா என்னைத் தலவாக்கலை ஸ்கூல்லருந்து வரச் சொல்ற?"

சுதர்ஷினி கையிலிருந்த சோக்குத் தூளைத் தட்டினாள்.

"இந்த ஸ்கூல விட்டுட்டு நுவரெலியா பிரைவேட் ஸ்கூலுக்குப் போனப்ப, அவரு ஒழுங்கா சாப்பிடக்கூட இல்லண்ணே. என் புள்ளைங்கள இனி யாரு பாப்பாங்கன்னு ஒரே புலம்பல். பாக்க முடியல. அதான், புது சேர் வந்துட்டாரு, நல்லா சொல்லிக் குடுக்குறாருன்னு சொல்லிட்டேன்."

"யாருமே வரலையே."

"உங்ககிட்ட படிச்சுக்கிட்டுப் போயி நான்தான் சொல்லிக் குடுக்குறேன். நான் வகுப்புல பண்றதெல்லாம் வீட்டுக்குப் போனா புது சேர் பண்ணினது."

கதவில் வைத்த கையை விஜிதரன் மெதுவாக எடுத்தான்.

உள்ளே சுதர்ஷினி மறுபடியும் ஆரம்பித்தாள். திங்கட்கிழமை பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருப்பதுபோலக் குரலை உயர்த்தி, கணக்கை வரி வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். பாதியில் நின்றுவிட்டாள்.

"இதுக்கு அடுத்து... இதுக்கு அடுத்து என்ன வரும்?"

மழையில் நின்றபடி விஜிதரன் அந்த அடுத்த வரியைச் சொல்ல உதடுகளை அசைத்தான்.

சத்தமாகச் சொன்னது உள்ளே இருந்தவன்தான்.