ஆன்டெனா இல்லாத கடிகாரம்

சமையலறையில், மைக்ரோவேவ் அடுப்பின் தலைமேல் வைஃபை ரவுட்டர் உட்கார்ந்திருந்தது. தினமும் சோறு சூடாகும் நேரத்தில் அதன் பேச்சு பாதியில் அறுந்துபோகும்.

"எவனோ குறுக்கே பேசுறான்," என்றது ரவுட்டர்.

"கார்ட்லெஸ் போன்தாண்ணே. அவன் முழியே சரியில்லை," என்றது அடுப்பு.

வீட்டுக்காரி பத்மாசினிக்கும் அதே சந்தேகம். போனைப் படுக்கையறைக்கு மாற்றினாள். மறுநாளும் அறுந்தது.

"அப்போ அந்த ப்ளூடூத் ஸ்பீக்கர்தான்!" என்றது அடுப்பு. ஸ்பீக்கரும் மாடிக்குப் போனது. அப்புறமும் அறுந்தது.

மிச்சம் இருந்தது சுவர்க்கடிகாரம் மட்டும். ரவுட்டர் அதை முறைத்தது.

"சார், எனக்கு ஆன்டெனாவே கிடையாது!" என்று பதறியது கடிகாரம்.

"விடாதீங்கண்ணே, நல்லாக் கேளுங்க," என்றது அடுப்பு.

"உண்மையைச் சொல்லு. ஆன்டெனாவை எங்கேடா ஒளிச்சு வச்சிரு..."

கேள்வி பாதியில் அறுந்தது. கீழே, அடுப்புக்குள் சோறு சூடாகிக்கொண்டிருந்தது.