ஏறிக்கொண்டே போன தூரம்

தையற்காரிக்கும் அவள் அக்காவுக்கும் பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை. அக்காவுக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிந்ததும் கடையைப் பூட்டிவிட்டு விமானம் ஏறினாள். "வராதே, நீ வந்து சேரமாட்டே" என்று அக்கா புருஷன் போனில் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எதிரே இருந்த திரையில், போகவேண்டிய தூரம் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் என்று இருந்தது. சாப்பிட்டு முடித்தபோது அது பத்தாயிரமாகியிருந்தது. பக்கத்து இருக்கைக்காரரின் திரையில் ஒழுங்காகக் குறைந்துகொண்டிருந்தது. அவர் பெரிய மனசு பண்ணி இடம் மாறிக்கொண்டார். அவள் உட்கார்ந்ததும் அந்தத் திரையிலும் தூரம் ஏறத் தொடங்கியது.

பணிப்பெண் திரையை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். "இப்படி ஆனதே இல்லைம்மா."

"ஏறினா ஏறட்டும். நான் இறங்கத்தான் போறேன்."

விமானம் தரையிறங்கியது. எல்லோரோடும் அவளும் இறங்கி நடந்தாள். நீண்ட கூடத்தின் கடைசியில், கண்ணாடிக் கதவுக்கு அப்பால், சக்கர நாற்காலியில் இருந்து அக்கா கையசைத்தாள். கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கதவைத் தாண்டிப் போனார்கள். அவள் எவ்வளவு நடந்தும் அக்கா கட்டைவிரல் அளவே தெரிந்தாள்.

தையற்காரி பெட்டியை அங்கேயே போட்டாள். செருப்பை உதறிவிட்டு ஓட ஆரம்பித்தாள். தொலைவில் அக்கா, நாற்காலியின் சக்கரங்களைத் தன் கையாலேயே இவளை நோக்கித் தள்ளத் தொடங்கினாள்.