சொந்த வாக்கியம் கூடாது

“வெள்ளைக்காரன் போறப்ப நாட்டை டெல்லிகிட்ட குடுத்தான். இங்கிலீஷை எங்கிட்ட குடுத்துட்டுப் போனான்.”

சிங்கப்பெருமாள் கோயிலில், பஞ்சர் கடைக்கு மேல் ஒற்றை அறையில் நடந்துவந்த ‘கிரேட் லண்டன் ஸ்போக்கன் இங்கிலீஷ் காலேஜ்’ பிரின்சிபால் திருநாவுக்கரசு இப்படிச் சொன்னதும், முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தேவசகாயம் மரியாதைக்குத் தலையாட்டினார். தேவசகாயம் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி மேனேஜர். 1998-ல் வெளிநாட்டு முதலாளிகள் வந்து இறங்கியதில், ஆட்கள் நூறு பேருக்கு அவசரமாக ஆங்கிலம் தேவைப்பட்டது. வகுப்பைப் பார்த்துவிட்டு அவர் அந்தப் பயிற்சி வேலையைத் தராவிட்டால் அடுத்த மாதம் காலேஜுக்குப் பூட்டுதான் என்பது திருநாவுக்கரசுக்கு மட்டும் தெரியும்.

காலேஜில் சட்டம் இரண்டு. வகுப்பில் தமிழ் பேசினால் வெளியே நிற்க வேண்டும். ஆங்கிலத்திலும், அவர் கைப்பட எழுதிக் கொடுத்த இருநூறு மாதிரி வாக்கியங்களைத் தாண்டி மாணவர்கள் சொந்தமாக எதையும் பேசக் கூடாது; சொந்த வாக்கியத்தில் தப்பு வந்துவிடும்.

கீழே விழுந்த சாக்பீஸைக் குனிந்து எடுத்துக்கொண்டு, வகுப்புக்கு முதுகைக் காட்டிப் பலகையில் எழுத ஆரம்பித்தார் திருநாவுக்கரசு.

“சார், இன்னான்னா...” என்று எழுந்தான் தமிழ்வாணன்.

திரும்பிப் பார்க்காமலே வாசலைக் காட்டினார். தமிழ்வாணன் வெளியே போய் நின்றான்.

அடுத்து சங்கரி எழுந்தாள். மூன்று மாதமாக வாயே திறக்காத பெண்.

“சார், தேர் இஸ் எ டெய்லர் நியர் த பஸ் ஸ்டாண்ட்.”

நாற்பத்தோராம் வாக்கியம். உச்சரிப்பு சுத்தம். திருநாவுக்கரசு பூரித்துப் போனார். பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு நடை போய்வந்து, வாக்கியத்தைப் பலகையில் எழுதினார்.

சுப்பிரமணி மூன்றாம் வாக்கியத்தைச் சொல்லி அவரை உட்காரும்படி வேண்டினான். என்ன பணிவு. பாடம் எடுக்கும்போது தான் உட்காருவதே கிடையாது என்று மேனேஜரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

“எவ்ரிபடி இஸ் லுக்கிங் அட் த எலிஃபன்ட்” என்றாள் வேண்டா.

அதையும் எழுதினார்.

சங்கரி மறுபடி எழுந்தாள். இந்த முறை கண் கலங்கியிருந்தது.

“மை அங்கிள் இஸ் இன் டேஞ்சர். ஹி டஸ் நாட் நோ இட்.”

நூற்றெண்பதாம் வாக்கியத்தை இவ்வளவு உருக்கமாக யாரும் சொல்லி அவர் கேட்டதில்லை. தேவசகாயம்கூடக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவதைப் பார்த்து அவரும் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டார் திருநாவுக்கரசு. வேலை கிடைத்துவிட்டது என்றே முடிவு செய்தார்.

“எப்படி சார் எங்க பசங்க?”

“பிரமாதம். அவங்க சொன்னது ஒவ்வொண்ணும் எனக்குப் புரிஞ்சுது. எங்க ஆளுங்களுக்கு அந்தப் பொண்ணு சங்கரியே வந்து சொல்லித் தரட்டும்.”

“அப்போ நானு?”

“உங்களுக்குத்தான் சார் ஒண்ணுகூடப் புரியல” என்று சொல்லிவிட்டு, தேவசகாயம் படி இறங்கினார்.

திருநாவுக்கரசின் பேன்ட் பின்பக்கம் முழுக்கத் தையல் விட்டு, உள்ளே பச்சைப் பட்டாபட்டி தெரிந்தது.